கடலுக்குப் போன புத்தகம்

எங்கள் பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பான பரீதா டீச்சரின் குரல் இரண்டு கதிரைக்கு அப்பால் கேட்காது. எட்டு வருடங்களுக்கு முன் கழுத்தில் ஒரு சத்திரசிகிச்சை செய்தார்கள். கழலை போனது, அதோடு பாதிக் குரலும் போனது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதிபர் யோசித்துப் பார்த்து, சத்தம் போடக் கூடாத இடம் பாடசாலையில் ஒன்றுதான் இருக்கிறது என்று கண்டுபிடித்து அவரை அங்கே அனுப்பிவிட்டார். அதிபர் இந்தப் பாடசாலையில் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான் என்று நான் ஆசிரியர் அறையில் சொல்வதுண்டு. அவர் காதுபடச் சொன்னதில்லை.

நான் பிரியங்கினி. ஓர்ஸ் ஹில்லில் இருந்து காலை பஸ்ஸில் பாலம் கடந்து கிண்ணியாவுக்கு வந்து, தரம் நான்குக்குப் படிப்பிக்கிறேன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது நல்ல பங்கு இல்லை.

நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்பு மதிய உணவுக்கான அரிசி வைத்திருந்த அறை. இரண்டு அலுமாரி, ஒரு நீள மேசை, நான்கு பாய், டீச்சருக்கு ஒரு கதிரை. அரிசி போய்ப் பல வருடமாகியும் அரிசி வண்டு போகவில்லை. எந்தப் புத்தகத்தையும் பிள்ளைகளுக்கு முதல் தொட்டுப் பார்ப்பது அதுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் கிழமைக்கு ஒரு பாடவேளை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து, பாயில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு வாசிப்பார்கள். பரீதா டீச்சர் அதைத் தடுப்பதில்லை. ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் இழுபறிப்பட்டால் மட்டும் எழும்பிப் போய் நடுவில் இருந்து தானே வாசித்துக் காட்டுவார். அந்தத் தேய்ந்த குரலைக் கேட்பதற்காக மற்றப் பிள்ளைகளும் ஊர்ந்து ஊர்ந்து கிட்ட வந்துவிடும். நான் கத்திக் கத்திப் படிப்பித்தும் வராத அமைதி அங்கே வரும். எனக்குப் பொறாமைதான்.

கிழிந்த புத்தகம் அவர் கையில் போனால் பிழைத்துவிடும். பசையும் நூலும் எப்போதும் மேசையில் இருக்கும். தன் கழுத்தைப் பிடித்த எக்ஸ்ரே படங்களையே நீள நீளமாக வெட்டிப் புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருக்கிறார். எங்கள் நூலகத்தில் ஆனைக் கதையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் டீச்சரின் கழுத்தெலும்பு தெரியும்.

அவரிடம் ஒரே ஒரு பெருமை இருந்தது. வாசலில் சின்னக் கரும்பலகை ஒன்று மாட்டி, ஒவ்வொரு திங்களும் "காணாமற்போன புத்தகங்கள்: 0" என்று எழுதுவார். எட்டு வருடமாக அந்தப் பூச்சியம் மாறியதே இல்லை. வாசிப்பு மாதத்தில் வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து வந்த அதிகாரி ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு டீச்சர் பின்னேரம் வரை முகம் மலர்ந்து திரிந்தார்.

இன்னொரு வழக்கமும் அந்த அறையில் இருந்தது. அலுமாரிக்குப் பின்னால் ஒரு பழைய கோதுமைமாச் சாக்கு. கிழிந்துபோன அரபு வாசிப்புப் புத்தகங்கள், இஸ்லாம் பாடப் புத்தகங்களின் உதிர்ந்த தாள்கள், ஓதுகிற அரபு எழுத்து இருக்கிற எந்தத் துண்டும் அதற்குள் போகும். அந்த எழுத்தைக் குப்பையில் போட மாட்டார்கள், கால்படும் இடத்தில் விட மாட்டார்கள். சாக்கு நிறைந்ததும் டீச்சரின் தம்பி, முஹம்மது தம்பி, தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், ஆழமான இடத்தில் கல்லுக் கட்டி மரியாதையோடு இறக்கிவிட்டு வருவார். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். பேரீச்சம்பழப் பெட்டியில் அரபு எழுத்தைக் கண்டால்கூட வெட்டிக் கொண்டுவந்து டீச்சரிடம் கொடுப்பேன்.

போன வருடம் நோன்பு விடுமுறைக்கு முந்திய நாள். விடுமுறைக்கு முன் எல்லாப் புத்தகமும் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே நாளில் வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை உண்டு. புத்தகம் வந்ததும் டீச்சர் அதில் சரி போடுவார். அன்றைக்குச் சரி போட்டுக்கொண்டிருக்கையிலேயே புத்தகங்கள் மேசையில் குவிந்தன. நோன்பில் கடலுக்குப் போக மாட்டேன், சாக்கு இருந்தால் இன்றைக்கே தாங்க என்று முஹம்மது தம்பி படலையில் நின்று அவசரப்படுத்தினார். டீச்சர் ஒரு கையால் சரி போட்டு, மறு கையால் சாக்கைக் கட்டி அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

பெருநாள் முடிந்து பாடசாலை திறந்தது. என் வகுப்பின் நூலகப் பாடவேளையில் டீச்சர் அட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்தவர் ஓர் அட்டையில் நின்றார். அம்ராவின் அட்டை. 'பஸ்ஸில் ஏறிய ஆடு' என்ற படக்கதைக்கு நேரே சரி இல்லை. அலுமாரியிலும் புத்தகம் இல்லை.

அம்ரா மெலிந்த பிள்ளை. அதிகம் கதைக்க மாட்டாள். வாப்பா கட்டாரில் வேலை. அந்த ஆட்டுக் கதையை மூன்று முறை எடுத்து வாசித்தவள் அவள் ஒருத்திதான்.

"புத்தகம் எங்க மகள்?"

"தந்திட்டன் டீச்சர்."

"யார்ட்டத் தந்த?"

"மேசையில வெச்சன். நீங்க அங்கால பாத்துக்கொண்டிருந்தீங்க."

"வெச்சா இரிக்கணுமே. கால் முளைச்சா போகும்?"

"வெச்சன் டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு வருடமாக அந்தப் பிள்ளையைத் தெரியும். ஒரு அழிறப்பரை எடுத்ததைக்கூட மறைத்தவள் இல்லை. ஆனால் பரீதா டீச்சரிடம் புத்தகம் தொலையாது என்பது எங்கள் பாடசாலையில் சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதைப் போல. "அம்ரா, பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கோ பிள்ளை" என்றேன்.

"உண்மையத்தான் சொல்றன் டீச்சர்."

உண்மை எது என்று நான் அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டிருந்தேன். பரீதா டீச்சர் அட்டையை எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். "பொய் சொல்ற பிள்ளைக்கு இங்க புத்தகம் இல்ல" என்றார். வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் யாரும் மூச்சு விடாமல் இருந்ததால் முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் கேட்டது. அடுத்த திங்கள் வாசலில் பூச்சியம் இல்லை. "1 – அம்ரா, தரம் 4" என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயர் நாலு கிழமை அங்கே கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளைகள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வகுப்பில் இரண்டு பேர் அவளைப் "பொய்க்காரி" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் அவர்களை ஏசினேன். பெயரை அழியுங்கோ என்று டீச்சரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. நூலகப் பாடவேளையில் அம்ரா பாயின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். மற்றவர்கள் பக்கம் புரட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு நாள் அவளுடைய உம்மா ஹுஸ்னியா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், மகள் ஒத்துக்கிட்டா. நோன்பில மாமி வீட்டுக்குப் போகக்குள்ள கொண்டு போயிரிக்கா. பாலத்தில நிண்டு எட்டிப் பாக்கக்குள்ள கைநழுவித் தண்ணியில விழுந்திட்டாம். பயத்தில மறைச்சிட்டா. சின்னப் புள்ள, மன்னிச்சிருங்க."

அம்ரா நிலத்தைப் பார்த்துக்கொண்டு "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றாள். பரீதா டீச்சர் அவள் தலையைத் தடவி, "உண்மையச் சொன்னாப் பாரு, எல்லாம் லேசாப் போயிட்டு" என்றார். பெயரை அழித்தார், அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். நல்லதொரு பாடம் படிப்பித்துவிட்டோம் என்ற திருப்தி எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வைகாசி முடிகிற நேரம் பரீதா டீச்சர் எதற்கோ என் வகுப்புக்கு வந்தார். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே ஒரு கொப்பியை எடுத்து என் பக்கம் தள்ளப் போனவர் கையை எடுக்கவில்லை. தடித்த பளபளப்பான தாளில் உறை. சிவப்புக் கரை. முன்னும் பின்னும் அரபு எழுத்து.

"இது யார்ட கொப்பி?"

"அம்ராட. தகப்பன் கட்டாரில இருந்து அனுப்பின சாமானைச் சுத்தின தாளாம். நல்ல தடிப்பு, லேசில கிழியாது."

டீச்சர் அம்ராவைக் கிட்டக் கூப்பிட்டார். "அந்த ஆட்டுக் கதைப் புத்தகத்துக்கும் இந்த உறைதான் போட்ட நீயா மகள்?"

"ஓம் டீச்சர். அட்ட கழண்டிருந்த. அதான் போட்டன்."

"முதல்லயே ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே டீச்சர்."

டீச்சர் கொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இடைவேளையில் நான் நூலகத்துக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாயில் இருந்தார். எட்டு வருடத்தில் அவர் பாயில் தனியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நான்தான் பிரியங்கினி" என்றார். "அண்டைக்கு மேசையில இந்தத் தாளக் கண்டன். அரபு எழுத்து. ஓரம் கிழிஞ்சிருந்த. ஓதுற கிதாபுதான் எண்டு நினைச்சன். விரிச்சுக்கூடப் பாக்கல்ல. முத்தமிட்டு, நெத்தியில வெச்சு, என்ட இந்தக் கையாலதான் சாக்குக்குள்ள போட்டன்."

அரபு படிப்பிக்கிற மௌலவியிடம் அந்த உறையைக் காட்டியிருந்தார். மௌலவி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். ஏதோ பெரிய கடையொன்றின் விளம்பரம். உரித்த கோழி, சலவைத்தூள், பிள்ளைகளுக்குக் கட்டுகிற டயப்பர். நாள்தோறும் குர்ஆன் ஓதுகிறவர்தான் பரீதா டீச்சர். ஆனால் ஓதத் தெரிவது வேறு, அந்தப் பாசையில் கடைக்காரன் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரிவது வேறு. எழுத்தைக் கண்டால் மரியாதை செய்யத்தான் அவருக்குப் பழக்கம். வேறு நேரமென்றால் நானும் சிரித்திருப்பேன்.

"பாலத்தில விழுந்தது எண்டு சொன்னாளே" என்றேன்.

"எப்பிடி விழும்? சாக்கில போன புத்தகம் பாலத்தில எப்பிடி விழும்?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் புள்ள சொன்ன உண்மையப் பொய்யெண்டு சொன்னன். அவ பொய் சொன்ன நேரம் தலையத் தடவிவிட்டன்."

அந்த இடத்தில் நான் சொன்னதை எழுதாமல் விடலாம். ஆனால் எழுதத்தான் வேண்டும். "விடுங்கோ டீச்சர்" என்றேன். "ஆறின விசயம். பிள்ளையும் மறந்திருப்பாள். திரும்பக் கிளறினால் அவளுக்குத்தான் வெட்கம்." பிள்ளைக்காகப் பேசுகிற மாதிரித்தான் பேசினேன். உள்ளுக்குள் நினைத்தது, உண்மையைச் சொல்லுங்கோ என்று அன்றைக்குச் சொன்ன என் நாக்கைப் பற்றி.

பரீதா டீச்சருக்கு அது ஆறவில்லை. தம்பி வீட்டுக்குப் போய், அந்த இடத்தில் யாரையாவது முழுக வைத்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "இருவது பாகம் ஆழம் லாத்தா, கல்லும் கட்டி விட்டிரிக்கி. கடதாசி இவ்வளவு நாளைக்குக் கரையாம உங்களப் பாத்துக்கொண்டா இரிக்கும்?" என்று முஹம்மது தம்பி சொன்னாராம். இரண்டு கிழமை டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் விரித்துப் பார்த்துத்தான் வாங்கினார். வாசல் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைகள் கேட்டதற்கு வெண்கட்டி இல்லை என்றார். பெட்டி நிறைய வெண்கட்டி இருந்தது.

ஒரு புதன்கிழமை இடைவேளைக்கு அம்ராவைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னையும் வரச் சொன்னார். கதிரையில் இருக்கவில்லை. பாயில் அவளுக்கு முன்னால் இருந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "நீ பொய் சொல்லல்ல மகள். நான்தான் பிழை செஞ்ச. நாளைக்குக் காலைக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால சொல்லப்போறன்."

அவள் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் வெளிறிப்போனாள்.

"வேணாம் டீச்சர்."

"ஏன் மகள்?"

"நான் உம்மாக்குச் சத்தியம் பண்ணித்தான் சொன்ன, பாலத்தில விழுந்தது எண்டு. உம்மா வாப்பாக்கும் போன்ல சொல்லிட்டா. மகள் உண்மைய ஒத்துக்கிட்டா எண்டு வாப்பாக்குச் சந்தோசம்." அவளுக்கு அழுகை வந்தது. "இப்ப நீங்க சொன்னா நான் பொய்ச் சத்தியம் பண்ணினது தெரிஞ்சிரும்."

"ஏன் மகள் அப்பிடிச் சொன்ன நீ?"

"வெச்சன் எண்டு சொல்லச் சொல்ல யாரும் நம்பல்ல டீச்சர். உம்மா மூணு நாள் என்னோட கதைக்கல்ல. பிறகு விழுந்திட்டு எண்டு சொன்னன். உடனே நம்பிட்டாங்க."

மணி அடித்தது. அம்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டி வகுப்புக்கு ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அவள் எங்கள் கையில் வந்தபோது பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதைப் படிப்பித்தது நாங்கள்தான். கெட்டிக்காரியாகப் படித்தும் விட்டாள்.

"கூட்டத்தில சொல்லல்ல" என்றார் டீச்சர் கடைசியில். "உம்மாட்ட மட்டும் சொல்லுவம். பயத்தில சொன்ன புள்ளைக்குக் குற்றமில்ல எண்டு நான் விளங்கப்படுத்திறன். நீங்களும் வாங்க." இந்த முறை நான் மறுக்கவில்லை.

பாடசாலை விட்ட பிறகு ஹுஸ்னியாவின் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களைக் கண்டு பதறிப்போய்க் கதிரைகளைத் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். டீச்சர் கோப்பையைத் தொடாமலே சொல்லத் தொடங்கினார். உறை, சாக்கு, தம்பியின் வள்ளம், விரித்துப் பார்க்காத தன் அவசரம், எல்லாவற்றையும் சொன்னார். ஹுஸ்னியா கேட்டுக்கொண்டே இருந்தார். நம்புவதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

அம்ரா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மகள், புத்தகம் பாலத்தில விழுந்ததா, இல்லயா? சரியாச் சொல்லு."

அவள் உம்மாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை.

"விழுந்த உம்மா."

"அப்ப டீச்சர் சொல்றது?"

"டீச்சர் என்னில இரக்கப்பட்டுச் சொல்றா. எல்லாரும் என்னப் பொய்க்காரி எண்டு சொன்னதால."

ஹுஸ்னியாவின் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியா?" என்றார் மகளிடம். "உன்ட மானத்தக் காப்பாத்த, செய்யாத பிழையத் தன்ட தலையில போட்டுக்கொண்டு வந்திரிக்கா. இப்பிடி ஒரு டீச்சர் யாருக்குக் கிடைக்கும்?"

பரீதா டீச்சர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும். அல்லாஹ்வின் மீது சத்தியம் என்று அவர் சொன்னால் ஹுஸ்னியா அந்த நிமிடமே நம்புவார். அப்படிச் சொன்னால், கதவோரம் நிற்கிற பிள்ளையை இரண்டாம் முறையும், இப்போது பெற்ற தாய்க்கு முன்னால், பொய்க்காரி என்று நிரூபிக்க வேண்டும். அம்ரா கண் வெட்டாமல் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வாய் இருந்தது. நானும் திறக்கவில்லை.

"டீச்சர்ட்ட இன்னொருக்கா மன்னிப்புக் கேளு" என்றார் ஹுஸ்னியா.

அம்ரா கிட்ட வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர்."

டீச்சர் அவளைப் பார்த்தார். ஹுஸ்னியா சிரித்த முகத்தோடு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டன் மகள்" என்றார் பரீதா டீச்சர்.